காலுக்குத்தான் போனனான்

அத்தியாயம் பதினாறு

போன கிழமை தவமலரை உட்துறைமுக வீதியில், ஒரு கையால் மதிலையும் மறு கையால் காலையும் பிடித்தபடி நிற்க விட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அதற்காக வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. "நாற்பத்து மூன்று வயதுப் பொம்பிளையை இப்படியா நடுரோட்டிலே விட்டுவிட்டுப் போவது?" என்று கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். நியாயம்தான். வாருங்கள், அவளை எழுப்பிவிடுவோம்.

இன்றைக்குத்தான் புதிதாக வாசிக்கிறவர்களுக்காக நாலு வரி. லிங்கநகர் தவமலரின் கணவன் வினோதன், பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஆஸ்திரேலியா என்று சொல்லி வள்ளம் ஏறினான். அந்த வள்ளத்தைப் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. மகள் லதுஷாவோடு தனியே இருக்கிற தவமலர் பொட்டையும் அழிக்கவில்லை, தாலியையும் கழற்றவில்லை. பன்னிரண்டு வருடம் ஆளைக் காணாவிட்டால் செத்தவனாகக் கொண்டு கிரியை செய்து முடித்துவிட வேண்டும் என்று, வினோதனின் தமையன் அருளம்பலம் ஒற்றைக்காலில் நின்றார். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்கு வரும்படி ஐயருக்கும் சொல்லியாயிற்று.

தவமலர் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஓடத் தொடங்கினாள்.

வினோதன் விடியப்புறத்தில் ஓடுகிற ஒரு சுற்று இருந்தது. லிங்கநகரிலிருந்து உட்துறைமுக வீதியால் போய், மணிக்கூட்டுக் கோபுரத்தடியால் திரும்பி, டச்பே கடற்கரையைத் தொட்டுவிட்டு வீடு. ஏழு கிலோமீற்றர். அதை ஒரு தரமாவது நிற்காமல் ஓடி முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அத்தான் அருளம்பலத்துக்கு மறுமொழி என்று தனக்குள் ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். ஊர் சும்மா இருக்குமா? "ஓடிப்போனவனைத் தேடி இவளும் ஓடுறாள்" என்றது. நல்ல மனமுள்ளவர்கள், "பாவம், சீனி வருத்தமாக்கும், டொக்டர் ஓடச் சொல்லியிருப்பார்" என்றார்கள்.

ஏழு கிழமையாக ஓடுகிறாள். நாலு கிலோமீற்றரில் மூச்சு முட்டும். ஞாயிறு நெருங்க நெருங்க அவசரப்பட்டு, போன கிழமை ஒரேயடியாக ஆறுக்குப் போனாள். கால் பழிவாங்கிவிட்டது.

இன்று வெள்ளிக்கிழமை.

ஊருக்குள் மாடுபோலத் திரிகிற மான்களில் இரண்டு, வீதிக்கு நடுவில் படுத்தபடி, எழும்பாமலே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து, அபாயாவும் ஓட்டச் சப்பாத்துமாக நடந்து வந்தாள் நஸ்ரின். தினமும் காலையில் இதே வீதியில் நடக்கிறவள். தனியார் கிளினிக் ஒன்றில் உடற்பயிற்சி வைத்தியம் செய்கிறவள் என்பதால் கண்டவுடனே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, இருங்க இதில. காலைக் காட்டுங்க."

"ஒண்டுமில்லை நஸ்ரின். கொஞ்சம் பிடிச்சிட்டுது. இப்ப விட்டிடும்."

"அதை நான் சொல்றன். நீங்க இருங்க."

மதில் கட்டில் இருத்தி, முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் உள்ளோரமாக ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். தவமலர் அம்மா என்று கத்தினாள். மான் ஒன்று எழும்பிவிட்டது.

"ஒரு இடத்தில மட்டும் குத்துதா, நீளத்துக்கு நோகுதா?"

"நீளத்துக்கு. இந்தா, இதிலயிருந்து இதுவரைக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு விரல் இடத்தில மட்டும் குத்தினா எலும்பில வெடிப்போ எண்டு பயப்படணும், படம் எடுக்கணும். உங்களுக்கு ஒரு சாண் நீளத்துக்கு நோகுது. புதுசா ஓடுற ஆக்களுக்கு வாற நோதான் இது." நஸ்ரின் நிமிர்ந்தாள். "போன கிழமை எவ்வளவு ஓடினீங்க?"

"ஆறு."

"அதுக்கு முதல் கிழமை?"

"நாலு... சில நாள் மூண்டு."

"பாத்தீங்களா! காலுக்கு ஒரு வார்த்தை சொல்லாம நீங்க பாட்டுக்குக் கூட்டினா, அது என்ன செய்யும்? போதாக்குறைக்கு இந்தச் சப்பாத்து. ஆருட இது?"

"லதுஷா பள்ளிக்கூடத்தில நெற்போல் விளையாடினது."

"அடியில ஒண்டுமே இல்லையே அக்கா, தேஞ்சு தோசையாப் போச்சு!" நஸ்ரின் சிரித்தாள், உடனே சிரிப்பை நிறுத்தினாள். "ரெண்டு கிழமைக்கு ஓட்டம் இல்ல. நடக்கலாம், நோகாத அளவுக்கு. ஒரு நாளைக்கு மூணு நாலு தரம் துணியில ஐஸ் சுத்தி வைங்க. பிறகு கொங்கிறீட்டு ரோட்டை விட்டிட்டு மண்ணில, கொஞ்சங் கொஞ்சமாத் தொடங்கலாம்."

"ரெண்டு கிழமையோ? ஞாயிற்றுக்கிழமைக்கு நான் ஓடி முடிக்கோணும்."

"ஏலாது அக்கா."

"சுடுதண்ணி பிடிச்சா?"

"இப்ப வேணாம். ஐஸ்தான்."

தவமலர் தலையாட்டினாள். ஆனால் ஆசை பிடித்தவர்களின் காது அரைக் காதுதான். 'ஐஸ்' அந்தப் பக்கத்தால் போய்விட்டது. 'சுடுதண்ணி' மட்டும் உள்ளே நின்றுவிட்டது.

நொண்டி நொண்டி வீட்டுக்கு வருகிறபோதே யோசனை கன்னியாவுக்குப் போய்விட்டது. ஏழு கிணறு, ஏழு விதச் சூடு. வாதத்துக்கும் மூட்டு நோவுக்கும் அந்தத் தண்ணீரைப் போல மருந்தில்லை என்று ஊரே சொல்லும். அவள் வேலை செய்கிற போட்டோக்கொப்பிக் கடை திறப்பது பத்து மணிக்கு. ஏழரை பஸ்ஸில் போனால் வந்துவிடலாம்.

ஞாயிறு அங்கேதான் கிரியை என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். வந்தது. அதனாலென்ன, கிரியைக்குப் போகிறவர்கள் போகட்டும், நான் காலுக்குப் போகிறேன் என்று மனதுக்குள் வீம்பாகச் சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். லதுஷா அப்போது நித்திரை. அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதுதான் பிழை.

கன்னியாவில் அன்றைக்குச் சனம் குறைவு. காலை மட்டும் நனைப்பது என்றுதான் வாளியை விட்டாள். முதல் வாளி கணைக்காலில் விழுந்ததும் கண் தானாக மூடிக்கொண்டது. நோ எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டாவது கிணறு. மூன்றாவது. பன்னிரண்டு வருடத்தில் அவளுடைய காலை ஒருவரும் பிடித்துவிட்டதில்லை. லதுஷா வயிற்றில் இருந்தபோது கால் வீங்கும். வினோதன் குசினி வாசலில் குந்தியிருந்து, கதை சொல்லிச் சொல்லி, பாதத்திலிருந்து முழங்கால் வரை தடவிவிடுவான். இப்போது அவன் வேண்டும்போல இருந்தது. வேறொன்றும் வேண்டாம், அவன் வந்து பக்கத்தில் இருந்தால் போதும் என்று இருந்தது.

காலோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஏழு கிணற்றிலும் அள்ளி அள்ளித் தலையால் ஊற்றினாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அந்தத் தண்ணீரில் யார் கண்டது?

கண்ணாடி பாராமல் பஸ் தரிப்புக்கு வந்தாள். கச்சான் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. தலைமயிர் ஈரம். வெந்நீர் பட்டுக் கண் சிவப்பு. நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் ஏழு கிணற்றுத் தண்ணீரோடு கரைந்து போயிருந்தது. அது மட்டும் அவளுக்குத் தெரியாது.

லிங்கநகர் இராஜநாயகத்தின் ஓட்டோ அந்தப் பக்கமாக வந்தது. வெள்ளைக்காரர் இரண்டு பேரைக் கிணற்றடியில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறார். தவமலரைக் கண்டு வேகத்தைக் குறைத்தார். அவளுக்குச் சந்தோஷம், ஒரே ஊர்தானே, ஏற்றிக்கொண்டு போவார் என்று. அவரோ அவளுடைய நெற்றியைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், குனிந்துகொண்டார். ஒரு சொல் சொல்லாமல் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"பாரன் இந்த ஆளின்ர எடுப்பை!" என்று தவமலர் வாய்விட்டே சொன்னாள்.

எடுப்பும் இல்லை, திமிரும் இல்லை. வெளியூரார் கன்னியாவுக்குக் குளிக்கப் போவார்கள், படம் பிடிக்கப் போவார்கள். நம்முடைய ஆட்கள் வேலை நாளில், ஈரத் தலையோடு, வெறும் நெற்றியோடு அங்கே நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: செத்தவருக்குக் கிரியை முடித்து முழுகியிருக்கிறார்கள். துக்கக்காரரைக் கண்டால் எங்கே போனாய் என்று கேட்கிற வழக்கமும் இல்லை, போயிட்டு வாறன் என்று சொல்கிற வழக்கமும் இல்லை. மரியாதை தெரிந்த மனுசன் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் பாழாய்ப்போன கைத்தொலைபேசி ஒன்று அவரிடம் இருந்ததே!

வீட்டு வாசலில் அருளம்பலத்தின் மோட்டார் சைக்கிள் நின்றது. ஒன்பதே கால் மணிக்கு இவருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டு தவமலர் உள்ளே வந்தாள்.

அருளம்பலம் வெறும் நிலத்தில் இருந்தார். பக்கத்திலேயே கதிரை இருந்தும் நிலத்தில் இருந்தார். அவளைக் கண்டதும் எழும்ப முயன்று, ஏலாமல், அப்படியே சுவரில் சாய்ந்தார்.

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லாமல் போட்டியே பிள்ளை" என்றார்.

தவமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கடைக்குப் போக முதல் வந்திடலாம் எண்டுதான்..."

"தனியாப் போய்ச் செய்திட்டு வந்திருக்கிறாய். நான் ஒராள் இருக்கிறன்தானே. அவன் எனக்குத் தம்பியெல்லே!"

அப்போதுதான் அவள் சுவரைப் பார்த்தாள். வினோதனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. புத்தம்புது மல்லிகை மாலை. படத்தின் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கடியில் லதுஷா, கண்ணும் முகமும் வீங்கி, தகப்பனைப் பார்த்தபடி நின்றாள்.

தவமலரின் கை தானாக நெற்றிக்குப் போனது. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. இராஜநாயகத்தின் குனிந்த தலை அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

அவள் வாய் திறப்பதற்குள் அருளம்பலம் கொட்டத் தொடங்கிவிட்டார்.

"ஐயர் பிடிச்சவன் நான்தான். நாள் பாத்தவனும் நான்தான். ஊருக்கு முன்னால, முறை முறை எண்டு கத்தினவனும் நான்தான். ஏன் தெரியுமே? நீ மாட்டன் எண்டு சொல்லுவாய் எண்ட துணிவில! ஒவ்வொரு வருஷமும் நான் கேக்கிறது, நீ முகத்தைத் திருப்பிறது. வீட்டை போகேக்க எனக்கு ஒரு ஆறுதல். தம்பி இருக்கிறான் எண்டு நினைக்க இந்த உலகத்தில ஒராள் இருக்கிறாளே எண்டு. இப்ப நீயும் விட்டிட்டியே தவம். நீயும் விட்டாப் பிறகு நான் ஆரை நம்பிப் பாத்துக்கொண்டிருக்கிறது?"

இந்த மனுசனைப் பதினைந்து அத்தியாயமாக நானும் ஏசிக்கொண்டுதான் இருந்தேன். கல் நெஞ்சுக்காரன் என்று எழுதினேன். என் வாயில் அடிக்க வேண்டும்.

தவமலர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவருக்கு முன்னால் இருந்தாள்.

"அத்தான், நான் காலுக்குத்தான் போனனான்."

"என்ன?"

"காலுக்கு. ஓடி ஓடிக் கால் நோ. சுடுதண்ணி பிடிக்கப் போனனான். பொட்டு அழிஞ்சது எனக்குத் தெரியாது."

அருளம்பலம் அவளை உற்றுப் பார்த்தார். "எந்தக் காலுக்கு?"

"ரெண்டு காலுக்கும்."

அவர் குனிந்து இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. "அட, கோதாரி விழுந்த இராஜநாயகம்! முழுகிப்போட்டு நிக்கிறா, முகத்தைப் பாக்கேலாமல் வந்திட்டன் எண்டெல்லோ போனில அழுதவன்!" என்று தொடையில் அடித்துச் சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தவமலருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பட்ட காலிலேயே படும் எண்டுறது இதைத்தான் அத்தான்" என்றாள்.

லதுஷா சிரிக்கவில்லை.

"முதல்ல அந்த மாலையைக் கழட்டுவம்" என்று தவமலர் எழும்பிப் படத்தடிக்குப் போனாள். படம் உயரத்தில். கையை நீட்டி, குதியைத் தூக்கி எட்டினாள். கணைக்கால் இரண்டிலும் கத்தி இறங்கியது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எட்டினாள். முடியவில்லை.

"லது, எனக்கு எட்டேலாது. கழட்டிவிடு பிள்ளை."

"மாட்டன்."

"என்ன?"

"நான் கழட்ட மாட்டன் அம்மா."

அருளம்பலம் சிரிப்பை நிறுத்தினார். "பிள்ளை, அம்மா காலுக்குத்தானே போனவா. பிழையா விளங்கிட்டம். உயிரோட இருக்கிறவனுக்கு மாலை போடக்கூடாது. ஐயருக்கும் நான் சொல்லிவிடுறன், ஞாயிறு வேண்டாமெண்டு."

"வேண்டாம் பெரியப்பா. ஐயர் வரட்டும். ஒருத்தரும் வராட்டியும் நான் போறன்."

பத்தொன்பது வயது. தகப்பன் போகும்போது ஏழு. அந்த வீட்டில் ஒருநாளும் குரல் உயர்த்தாத பிள்ளை. இப்போதும் உயர்த்தவில்லை.

"பள்ளிக்கூடத்தில அப்பா எங்க எண்டு கேட்டா, வருவார் எண்டுதான் சொல்லச் சொன்னனீங்கள். நான் சொன்னனான். ஓ.எல். சோதனை எழுதேக்கயும் சொன்னனான், ஏ.எல். எழுதேக்கயும் சொன்னனான். என்னை ஒரு நாளாவது அழ விட்டனீங்களோ அம்மா? அழுதா, ஏன் அழுறாய், அப்பா இருக்கிறார் எண்டுவீங்கள். இண்டைக்குப் பெரியப்பா வந்து சொன்ன உடன, கத்தி அழுதன். அழுது முடிய எனக்கு எவ்வளவு லேசா இருந்தது தெரியுமே? எனக்கு அப்பா செத்துப் போகோணும் எண்டில்லை. எனக்கு அழோணும்."

அருளம்பலம் மெல்ல எழும்பினார். சேட்டின் நுனியால் முகத்தைத் துடைத்தார். வாசலில், வாறன் என்று சொல்வதா சொல்லாமல் போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். இது துக்க வீடா இல்லையா என்று அவருக்கு இப்போது தெரியவில்லை. கடைசியில் சொல்லாமலே போனார்.

தவமலர் கதிரையில் இருந்தாள். லதுஷா குசினிக்குள் போனாள். குளிர்சாதனப் பெட்டி திறந்து மூடிய சத்தம் கேட்டது. துவாயில் ஐஸ் கட்டிகளைச் சுற்றிக்கொண்டு வந்து, தாயின் காலடியில் இருந்து, கணைக்காலில் வைத்து அழுத்தினாள்.

"நஸ்ரின் அக்கா எனக்கு மெசேஜ் போட்டவா. சுடுதண்ணிக்குப் போக விடாத, ஐஸ் வை எண்டு. நான் எழும்பிப் பாக்கேக்க நீங்கள் போயிட்டீங்கள்."

ஐஸ் பட்டு எரிந்தது. தவமலர் காலை இழுக்கவில்லை. மகளின் தலையில் கை வைக்க ஆசை. தள்ளிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பன்னிரண்டு வருடம் காவல் இருந்தது புருசனுக்காகவென்று நினைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டே இருந்துவிட்டேனா என்று இப்போதுதான் தன்னையே கேட்டாள்.

"அம்மா."

"என்னடி?"

"அப்பாட குரல் எனக்கு ஞாபகமில்லை. யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன். முகம் படத்தில இருக்கு. குரல் இல்லை. வருவார் வருவார் எண்டுறீங்கள், வந்து கதவைத் தட்டிக் கூப்பிட்டாலும் ஆர் எண்டுதானே கேப்பன்." லதுஷா நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு ஞாபகம் இருக்குத்தானே? அப்பா எப்பிடிக் கதைப்பார்?"

தவமலர் வாயைத் திறந்தாள்.

என்ன சொல்லுவான்? தவம் என்று கூப்பிடுவான். அது தெரியும். எப்படிக் கூப்பிடுவான்? தடித்த குரலா, மெல்லிசா? மனதுக்குள் அவன் கூப்பிடக் கூப்பிட, அது அவளுடைய சொந்தக் குரலாகவே கேட்டது. அருளம்பலத்தின் குரலாகக் கேட்டது. வினோதனுடையது வரவில்லை. எப்போது போனது என்றும் தெரியவில்லை.

"இல்லையடி" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "எனக்கும் இல்லை. போன மாரிக்குப் பிறகு வாறேல்லை. எவ்வளவோ பாத்திட்டன், வாறேல்லை."

லதுஷாவின் கை அப்படியே நின்றது.

"மூச்சு மட்டும்தான் இருக்கு" என்றாள் தவமலர். "ஓடிப்போட்டு வந்து படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு வாங்குவார், அந்த மூச்சு. போன அண்டைக்கும் விடிய ஓடிப்போட்டு வந்தவர். நான் குசினிக்க நிண்டு கேட்டனான். மூக்கால இழுத்து, வாயால ரெண்டு தரம் விடுவார். அது மட்டும் விட்டுப்போகேல்லை. அதுவும் போயிடுமோ எண்ட பயத்திலதான் ஓடத் தொடங்கினனான். மூண்டாவது கிலோமீற்றரில எனக்கு மூச்சு வாங்கேக்க, அப்பிடியே அவர்ர மூச்சு மாதிரி இருக்கும். கண்ணை மூடினா, பக்கத்தில ஓடுறார் எண்டு இருக்கும். அதுக்காகத்தான் ஓடினனான். சீனிக்கில்லை, ஒண்டுக்குமில்லை. இனி ரெண்டு கிழமைக்கு ஓட ஏலாதாம்."

லதுஷா ஐஸை மற்றக் காலுக்கு மாற்றினாள். மாலையையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. பிறகு, ஏழு வயதுப் பிள்ளை கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டாள்.

"நான் ஓடினா எனக்கும் கேக்குமே அம்மா?"